சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று

செசிலிக்கு முன்பல் இரண்டு போனது ஒரு புதன்கிழமை காலையில். கேட்டவர்களிடமெல்லாம் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அவள் வீட்டு வாசலில் இருப்பது மூன்றே படி. மூன்று படியில் உருண்டு பல்லை உடைத்துக்கொள்கிற ஆளா அவள்? இருபத்தாறு வருசம் முதுகில் கூடையோடு மடுல்சீமைத் தேயிலை மலைகளில் ஏறி இறங்கினவள். மழையிலும் அட்டைக்கடியிலும், காலில் செருப்புகூட இல்லாமல். ஒரு தரமும் விழுந்ததில்லை. கேட்டவர்களுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே, "பாத்து எறங்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கங்காணி வீட்டு விசயம், நமக்கெதற்கு வம்பு என்பதுதான்.

கங்காணி என்பது லூக்காஸ், செசிலியின் புருசன். வேலையிலிருந்து ஓய்வெடுத்து நாலு வருசமாகிறது. ஆனாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் அவன் இன்னும் கங்காணிதான். அவன் மனசிலும் அப்படித்தான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது, மலையில் நின்று விரட்டுவது, பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நிற்பது, முப்பது வருசம் இதுதான் அவன் வேலை. சொன்ன கிலோ இருந்தால் அன்றைக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரை நாள் கூலி. அதிலும் தராசு காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாக்குக்கு என்று ஒரு கிலோ வெட்டுவார்கள். மழை நாளென்றால் இலையில் ஒட்டிய தண்ணிக்கு என்று இன்னொரு கிலோ. இந்த வெட்டை லூக்காஸ் மாதிரி வாய் கூசாமல் சொன்னவன் அந்தப் பக்கத்தில் கிடையாது. வெயில் கொளுத்துகிற நாளிலும் தண்ணிக்கு வெட்டுவான். சொந்தப் பொண்டாட்டியின் கூடைக்கும் வெட்டுவான். நேர்மையான ஆள் என்று தோட்டத்துத் துரை அவனைப் பாராட்டியது அதற்காகத்தான்.

அவன் அடிக்கிற ஆள். இதை மென்று விழுங்கிச் சொல்வதில் பிரயோசனமில்லை. கலியாணமாகி மூன்றாம் மாதம் தொடங்கியது, முப்பது வருசமாக நின்றதில்லை. குடிக்கிறவனும் இல்லை. குடித்தாலாவது பழியைக் குடிமேல் போட்டுவிட்டுப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வெள்ளைச் சட்டையோடு முன் வாங்கில் உட்காருகிறவன், பச்சைத் தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் அடிப்பான். கையால் அடிப்பான், கம்பால் அடிப்பான். ஒரு தரம் கவ்வாத்துக் கத்தியின் மறுபக்கத்தால் அடித்தான். தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடுகிற அந்த வளைந்த கத்தி, வேலையின் ஞாபகமாக இன்னும் முன்னறைச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே தொங்குகிறது.

செசிலிக்குச் சீனி வருத்தம். ஐம்பது வயதில் இடது காலின் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக் பார்க்கிற டாக்டர் ஸஹ்ரா, தையல் பிரித்த அன்றைக்கே சொன்னார்.

"அம்மா, வெரலோட இது நிக்கணும். ஒவ்வொரு நாளும் அர மணித்தியாலம் நடங்க. சீனி எறங்காட்டி அடுத்தது கால்தான்."

அந்த வார்த்தை செசிலியைப் பிடித்துக்கொண்டது. லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் பக்கத்துக் காம்பராவில் வேலாயி அக்கா முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் இரண்டு வருசம் பாயில் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். வேலாயிக்காவது தூக்கி உட்கார வைக்க மருமகள் இருந்தாள். தனக்கு லூக்காஸ்தான். கால் இருந்தால் அடி விழும்போது குசினிக்காவது ஓடலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். கால் போனால் கிடந்த இடத்திலேயே வாங்க வேண்டும். செத்துப்போவதைவிட அதற்குத்தான் அவள் பயந்தாள். கால் போகக் கூடாது. வேறு எது போனாலும் பரவாயில்லை.

மறுநாள் காலையே ரோட்டில் நடக்கத் தொடங்கினாள். ஐந்து நாள் நல்லபடி போனது. ஆறாம் நாள், அந்த ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிற அஜந்தன், மூன்று பிள்ளைக்காரன், வண்டியை மெதுவாக்கி, "என்னாக்கா, ஓட்டப் பந்தயத்துக்கா" என்று கேட்டான். செசிலி சிரித்துவிட்டாள். வாசலில் நின்ற லூக்காஸ் அதைப் பார்த்தான். வீட்டுக்குள் வந்ததும் குடையை எடுத்தான். கம்பிகள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்வரை அடித்தான்.

"ரோட்டுல பல்லக் காட்டவா டாக்டரம்மா நடக்கச் சொன்னா?"

அன்றோடு ரோடு முடிந்தது. மகள் நிலக்ஷனா கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். நடக்கிற பேச்சே காணோமே என்று அவள் போனில் தகப்பனைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவ நடக்க விடுங்கப்பா. கால் போனா நீங்கதான் தூக்கிக் கழுவணும்" என்றாள். முதல் வாக்கியம் அவன் காதில் ஏறவில்லை. இரண்டாவது ஏறியது. அந்தக் கிழமையே செசிலியைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினான்.

பதுளையில் நௌபரின் கடையில் பாவித்த சாமான்கள்தான் விற்பார்கள். பிரிட்ஜ், தையல் மெசின், கட்டில். ஒரு மூலையில், மடித்து நிமிர்த்தி வைத்த ட்ரெட்மில் ஒன்று நின்றது. நௌபர் அதன் அடியில் காலால் ஒரு கம்பியைத் தட்ட, அது மெதுவாக இறங்கித் தரையில் படுத்தது.

"வேல முடிஞ்சா மடிச்சு வெச்சுரலாம் ஐயா, அலுமாரி மாதிரி நிக்கும். சின்ன வீட்டுக்குத் தோது. ஆனா ஓடுற நேரம் பின்னால எடம் இருக்கணும். சுவத்தோட ஒட்டி வெச்சீங்கன்னா, விழுந்த ஆள பெல்ட் சுவத்துல வெச்சுத் தேச்சுரும்."

பிறகு ஒரு சிவப்புச் சாவியைக் காட்டினார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு நூல், நூல் முனையில் ஒரு கிளிப்.

"இத இங்க செருகினாத்தான் ஓடும். கிளிப்ப அம்மாட உடுப்பில கொளுவணும். அம்மா விழுந்தா நூல் இழுபட்டுச் சாவி கழரும், மெசின் அந்த எடத்திலயே நின்டுரும். உசுருக்குக் காவல் இதுதான்."

"சாவி இல்லாட்டி ஓடாதா?" என்று லூக்காஸ் கேட்டான்.

"ஓடாது."

"சாவி கழராட்டி?"

"கழராட்டி நிக்காது. அதுதான் அம்மாட உடுப்பில கொளுவச் சொல்றன்."

லூக்காஸ் சாவியை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நௌபர் சொன்னதில் அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மெசினை லூக்காஸ் முன்னறைச் சுவரோடு ஒட்டித்தான் வைத்தான், காலையில் சாவியைச் செருகிக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் போனான். முதல் நாலு நாளும் செசிலிக்குச் சந்தோசம். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வாழ்நாளில் முதல் தடவையாக முதுகில் சுமையில்லாமல், மேட்டில் மூச்சு வாங்காமல், யாரும் விரட்டாமல் நடந்தாள். எங்கேயும் போகாமல் நடப்பது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அது பிடித்துவிட்டது. யன்னலுக்கு வெளியே பனி விலகி எதிர்மலை தெரியும்வரை நடப்பாள். முடிந்ததும் மெசினைத் தூக்கி மடித்து, துணி போட்டு மூடுவாள்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு லூக்காஸ் அறை வாசலில் வந்து நின்றான். காக்கிக் காற்சட்டை, கையில் மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கும்போது செடிமேல் மட்டம் பார்க்கப் போடுகிற நீளக் கம்பு அது.

"பெரட்டு," என்றான். "நாலு கிலோ முழுப் பேர். கொறஞ்சா அரைப் பேர்."

மெசின் காட்டுவது கிலோமீட்டர். அவனுக்கு எந்த இலக்கமானாலும் கிலோதான். செசிலி ஏறி நடந்தாள். நாலு ஆனதும் இறங்கப் போனாள்.

"எங்க எறங்குற? சாக்குக்கு ஒன்னு போகுது. மூணுதான் நிக்குது."

அவன் பகிடி விடுகிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். "எந்தச் சாக்குங்க? நான் கூடையே கட்டலையே."

மட்டக்கம்பு அவள் கெண்டைக்காலில் இறங்கியது. இரண்டாவது அடி அதே இடத்தில்.

"பேசுற வாய்க்கு இன்னொன்னு வெட்டவா?"

அன்றைக்கு ஐந்து நடந்தாள். கார்த்திகை பிறந்து மழை பிடித்ததும், தண்ணிக்கும் ஒன்று வெட்டத் தொடங்கினான். கூரை ஒழுகவில்லை, யன்னல் சாத்தியிருக்கிறது, அவள்மேல் ஒரு பொட்டு மழை விழவில்லை. "வெளிய பேயுதுல்ல?" என்பான். மடுல்சீமையில் கார்த்திகை மழை பிடித்தால் தைவரைக்கும் விடாது. ஆக ஒவ்வொரு நாளும் ஆறு. இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் ஏமாற்றுவதாகவே நினைக்கவில்லை. முப்பது வருசம் ஒரே பொய்யைச் சொன்னவனுக்கு அது பொய் என்பதே மறந்துபோயிருந்தது. வெட்டினது வெட்டினதுதான், மிச்சம்தான் நிசம். மகளுக்குப் போனில், "ஒங்கம்மா இப்ப நாலு நடக்குறா, நாலுக்கு மேல அவளால ஏலாது" என்பான். மனசாரத்தான் சொல்வான். ஒரு நாள் வீடியோ எடுத்து அனுப்பினான். நிலக்ஷனா கைதட்டுகிற படம் போட்டுப் பதில் அனுப்பினாள்.

அரைப் பேர் என்றால் வீட்டில் அரைச் சாப்பாடு. ஒரு ரொட்டி, பாதிச் சம்பல். சீனிக்குக் கொடுத்த குளிசையைப் போட்டுவிட்டு வயிறு நிறையாமல் நடந்தால் சீனி வருத்தக்காரருக்குக் கை நடுங்கும், கண் இருட்டும். செசிலி சேலை மடிப்பில் கருப்பட்டித் துண்டு ஒளித்து வைக்கப் பழகினாள். அந்தப் புதன்கிழமை மடிப்பில் கருப்பட்டி இல்லை. முதல் நாளும் அரைப் பேர். மூன்றாவது கிலோமீட்டரில் அவள் கால் பின்னியது.

"ஊந்துறியா?" என்று லூக்காஸ் வேகத்தைக் கூட்டினான்.

முகம் பெல்ட்டில் மோதிய சத்தம்தான் அவளுக்கு முதலில் கேட்டது. பெல்ட் அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சேர்த்தது. நௌபர் சொன்னது அப்படியே நடந்தது. சுவர் விடவில்லை, பெல்ட்டும் விடவில்லை. தாடையிலும் முழங்கையிலும் தோல் உரிந்தது. சிவப்புச் சாவியின் நூல் லூக்காஸின் சட்டையில் கொளுவியிருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அவன் இழுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான். உடைந்த பல் ஒன்று பெல்ட்டோடு வந்து அவள் நெற்றியில் பட்டுத் தெறித்தது. அதற்குப் பிறகுதான் நிறுத்தினான்.

"எந்திரி," என்றான். "இன்னைக்கு அரைப் பேர்."

அடுத்த கிழமை கிளினிக். டாக்டர் ஸஹ்ரா இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "சீனி நல்லா எறங்கியிருக்கே. யாரு இவ்வளவு நடக்க வைக்கிறது?"

"நான்தான் டாக்டர்," என்றான் லூக்காஸ். "நின்னு பாத்து நடக்க வைக்கிறேன்."

"நல்லம் ஐயா. எல்லா ஆம்பளையும் இப்புடி இருந்தா நல்லது."

செசிலி உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்றும் தெரியும், பல் தெரிந்துவிடும் என்றும் தெரியும். டாக்டர் அவள் தாடையின் தழும்பைப் பார்த்தார். முகம் மாறியது. லூக்காஸைக் குளிசை வாங்க அனுப்பிவிட்டு, "வாயத் திறங்கம்மா" என்றார். பார்த்தார்.

"படியா?"

செசிலி தலையைக் குனிந்தாள்.

"இங்க வரக் கிளினிக் நாள் தேவையில்லம்மா. எந்த நேரமும் வாங்க. கேட்டுல எண்ட பேரச் சொல்லுங்க, விடுவாங்க."

குளிசைப் பையோடு திரும்பி வந்த லூக்காஸ், இரண்டு தலையும் கிட்டக் கிட்ட இருந்ததைப் பார்த்தான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். "என்னடி சொன்ன அவகிட்ட? என்ன சொன்ன?" அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. அதை அவன் நம்பவில்லை. சீனி இறங்கியாயிற்று, இனிமேல் கிளினிக்கும் வேண்டாம், குளிசையும் வேண்டாம் என்று கிளினிக் கொப்பியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே எறிந்தான்.

சில நாள் கழித்து, தலை சுற்றியபோது செசிலி கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டாள். மெசின் நின்றது. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அடித்து முடித்துவிட்டு லூக்காஸ் கரண்ட் வேலைக்குப் பாவிக்கிற கறுப்பு டேப்பைக் கொண்டுவந்தான். சாவியைச் செருகி, மெசின் கம்பியோடு சேர்த்து டேப்பைச் சுற்று சுற்று என்று சுற்றினான். நூலையும் கிளிப்பையும் வெட்டி எறிந்துவிட்டுச் சாவியிலேயே நைலோன் கயிறு முடிந்து, பெரட்டு நேரத்தில் அதன் முனையைத் தன் வலது மணிக்கட்டில் சுற்றிக் கட்டிக்கொள்ளத் தொடங்கினான்.

"இப்பக் கழட்டு பாப்போம்," என்றான்.

தை மாதம் அவள் காலில் புண் வந்தது. பெருவிரல் இல்லாத இடத்தில் சப்பாத்து உரசி, முதலில் ஒரு கொப்புளம். குளிசை இல்லாத உடம்பு அதை ஆற விடவில்லை. மூன்றாம் கிழமை மணம் வந்தது. அந்த மணம் அவளுக்குத் தெரியும். வேலாயி அக்காவின் காம்பராவில் அடித்த மணம். சப்பாத்தைக் கழற்றி அவனுக்குக் காட்டினாள்.

"பெரட்டுல நிக்கிற எல்லாத்துக்கும்தான் கால் வலி," என்றான் லூக்காஸ். "மாட்டு."

அது ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. ஆறு நடக்க வேண்டும். மூன்று ஆகும்போது காலுறை நனைந்து கசிவது அவளுக்குத் தெரிந்தது. பெல்ட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிவப்புத் தடம் வந்து வந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தவளுக்குத் திடீரென்று எல்லாம் தெளிவாகிவிட்டது. இவன் இந்தக் காலை எடுத்துவிட்டுத்தான் விடுவான்.

"இன்னைக்கு எனக்குப் பேர் வேணாங்க," என்றாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

முப்பது வருசத்தில் அவனிடம் யாரும் பேர் வேண்டாம் என்று சொன்னதில்லை. அரைப் பேருக்காகக் காலைப் பிடித்தவர்களைத்தான் அவனுக்குத் தெரியும். வேகத்தைக் கடைசிவரை ஏற்றினான்.

"போறியா? இதுலயே போ."

செசிலி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி, பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பிளாஸ்டிக் விளிம்பில் வைத்தாள். நடுவில் பெல்ட் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. லூக்காஸ் மட்டக்கம்பை இடது கையால் ஓங்கி, கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களில் போட்டான். ஒன்று முறிந்தது. மறுபடி ஓங்கினான். அப்போதுதான் அவள் கயிற்றைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டிலிருந்து சாவிக்குப் போகிற கயிறு, அவள் முகத்துக்கு நேரே. அதை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்துக்கொண்டு மறுபக்கம் குதித்தாள்.

சாவி கழன்றிருந்தால் மெசின் நின்றிருக்கும். அவன் சுற்றின டேப் அல்லவா, கழரவில்லை. அவன்தான் வந்தான். பெல்ட்மேல் குப்புற விழுந்தான். பெல்ட் உடம்பைப் பின்னுக்கு இழுத்தது, கயிறு கையை முன்னுக்குப் பிடித்து நிறுத்தியது. தோள் மூட்டு கழன்ற சத்தம் மழைக்குள்ளும் கேட்டது. கன்னமும் நெஞ்சும் பெல்ட்டில் உரசி உரசித் தோல் போனது.

"நிப்பாட்டுடி," என்று கத்தினான். "நிப்பாட்டுடி செசிலி."

நிறுத்துகிற பொத்தான் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் நின்றாள். அவன் நின்று பார்த்த மாதிரியே நின்று பார்த்தாள். திரையில் இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று புள்ளி நாலு. மூன்று புள்ளி ஐந்து. அவளுக்கு அழுகை வரவில்லை, நடுக்கமும் இல்லை. நன்றாக இருந்தது. மூன்று புள்ளி ஆறு ஆனபோது சுவருக்குப் போய் வயரைப் பிடுங்கினாள். அதை இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கொலைக்காக மிச்சக் காலத்தைச் சிறையில் கழிக்க அவளுக்கு விருப்பமில்லை.

கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்தாள். குடை இல்லை, அதை அவன்தான் அவள்மேல் உடைத்துவிட்டானே. வாசலில் கிடந்த உரச்சாக்கை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது லூக்காஸ் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டு, சுவரைப் பிடித்து எழும்பிக்கொண்டிருந்தான். வலது கை தொங்கியது. இடது கை மாதா படத்துக்குக் கீழே கத்தியைத் தேடியது.

"தலைய எடுத்துருவேன்டி."

அவள் கதவைச் சாத்தி, வெளிப்பக்கக் கொண்டியை மாட்டிவிட்டு நடந்தாள்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எட்டு கிலோமீட்டர். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. முதல் இரண்டு கிலோமீட்டர் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். பிறகு திரும்பவில்லை. திரும்பினால் வேகம் குறைகிறது. புண்கால் ஒவ்வொரு எட்டுக்கும் சுரீர் என்று உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்தாள், இருந்த பல்லை. மாதா கோயில் வளைவு வந்தது, நாலாவது கிலோமீட்டர் கல் வந்தது, போனது. கால் நிற்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆறாவது கல்லில்தான் கேட்டது. இரண்டு மாதமாக அது ஆறுக்குத்தானே பழகியிருக்கிறது.

"இன்னும் ரெண்டுதான்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். "சாக்குக்கு ஒன்னு. தண்ணிக்கு ஒன்னு."

இந்தத் தடவை சாக்கும் இருந்தது, தலைமேல். தண்ணியும் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நடந்தாள்.

லூக்காஸ் யன்னல் சட்டத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறான். ரோட்டில் வந்த அஜந்தனின் ஆட்டோவை மறித்து ஏறி, கத்தியை அவன் கழுத்தில் வைத்து, விடு டவுனுக்கு என்றிருக்கிறான். இதெல்லாம் அஜந்தன் பிறகு வந்து சொன்னது. நாலாவது கல்லுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னானாம்.

"கங்காணி, அக்கா இன்னும் கீழ போயிருக்கும்," என்று அஜந்தன் வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போகாது. நாலுக்கு மேல அவளால ஏலாது. தெனம் பாக்குறவன் நான். இங்கதான் எங்கயோ விழுந்து கெடக்குறா."

இறங்கித் தேயிலைக்குள் போனான். இடது கையால் கத்தியை வீசி, நிரை நிரையாகச் செடிகளை வெட்டித் தேடினான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அங்கே ஒளிந்திருந்தால் தலை போயிருக்கும், அதில் சந்தேகமில்லை. அஜந்தன் ஆட்டோவைத் திருப்பி, வளைவைத் தாண்டிப் பொலிசுக்குப் போன் எடுத்தான். பொலிஸ் வந்து பிடிக்கும்வரை முக்கால் மணித்தியாலம் லூக்காஸ் அந்த நாலாவது கல்லைச் சுற்றித்தான் வெட்டிக்கொண்டிருந்தான். ரோட்டோடு இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அவளைப் பிடித்திருப்பான். அவன் கணக்கு அவனைப் போக விடவில்லை.

செசிலி ஆஸ்பத்திரிக் கேட்டில் டாக்டரின் பேரைச் சொன்னாள். விட்டார்கள். டாக்டர் ஸஹ்ரா சப்பாத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கட்டிலில் கிடந்தபடி செசிலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கால் நிக்குமா டாக்டர்?"

"இன்னும் ரெண்டு வெரல் போகும்மா," என்றார் அவர். "கால் நிக்கும். ஒரு கிழம பிந்தியிருந்தா நிக்காது."

அப்போதுதான் செசிலி அழுதாள். வலிக்கு அழவில்லை. வெகு நேரம் அழுதாள், டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வாக்குமூலம் எடுக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். தமிழ் தெரிந்தவர், வயதானவர், பொறுமையாகக் கேட்டார். குடை, மட்டக்கம்பு, பல், கறுப்பு டேப், கயிறு, கத்தி, எல்லாவற்றையும் செசிலி முதல் தடவையாகச் சொன்னாள். ஓட்டைப் பல்லை மறைக்காமல் வாயைத் திறந்து சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

"வீட்டுலேருந்து இங்க எவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

"எட்டு கிலோமீட்டருங்க."

அவர் பேனையை நிறுத்தி அவளைப் பார்த்தார். நரைத்த தலை, கட்டுப் போட்ட கை, கட்டுப் போட்ட கால்.

"இந்தக் காலோட எட்டா? சரி, ஒரு ஆறுன்னு போடுவோமே அம்மா."

செசிலி விரல் முறியாத கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தாள்.

"எட்டுங்க. எட்டுன்னே போடுங்க," என்றாள். "ஒன்னும் வெட்டாதீங்க."

அவர் எட்டு என்று எழுதினார். அவள் கொப்பியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, எழுதியிருந்த அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.